நிளா நதிக்கரையில் கம்பன் கூத்து

காண்போர் மகிழ ஆடப்படும் கூத்துகள் உலகில் பல. கடவுள் மகிழ ஆடப்படும் கூத்துகள் சில. ஜப்பான் நாட்டின் தென்பகுதியிலே கியூஷூ என்றொரு பெருந்தீவு உண்டு. அத்தீவில், மியாசாகி மாநிலத்தைச் சேர்ந்த தக்காசிகோ என்னும் மலையூர் இந்த இரண்டாம் வகைக் கூத்துக்குப் பெயர் பெற்றது. கதிரவனின் வடிவமாகிய அமத்தெராசு என்னும் தேவி, தன் தம்பியின் அடாச் செயல்களால் மனம் நொந்து ஒரு குகையினுள் மறைந்தாள் என்பதும், உலகு இருண்டது கண்ட ஏனைய தேவர்கள் குகைவாயிலிற் கூடி ஆடியும் நகைத்தும் அவளை வெளிவரச் செய்தனர் என்பதும் அந்நாட்டு ஷிந்தோ சமயத்தார் போற்றும் புராணம். அதனை நினைந்து ஆடப்பெறும் கூத்துக்குக் ககுரா என்று பெயர். நவம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரித் தொடக்கம் வரையில், சுற்றுப்புறச் சிற்றூர்கள் ஒவ்வொன்றும் ஓர் இரவைக் குறித்துக்கொண்டு, 33 ஆடல்களை விடிய விடிய ஆடுகின்றன. ஆடுவோர் கூலிக்கு வந்த கலைஞர் அல்லர், அவ்வவ்வூர் மக்களே. ஜப்பானிய அரசாங்கம் 1978-ஆம் ஆண்டில் இக்கூத்தைக் காக்கத் தக்க நாட்டுப்புறச் செல்வமாக அறிவித்தது.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்பொழுது, ‘நம்மிடத்தில் இவ்வாறு ஒன்று இல்லையே’ என்று நம்மவர் சிலர் பெருமூச்செறிவதுண்டு. அவர்களுக்கு ஒரு நற்செய்தி கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஒரு தேவியின் பொருட்டு, இரவு முழுதும், பல நாள் தொடர்ந்து நிகழும் கூத்து நம் கல்பாத்தியிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குள்ளேயே இருக்கின்றது. அதனினும் வியப்பு என்னவெனில், மலையாள நாட்டின் நடுவே நிகழும் அக்கூத்தின் உயிராக விளங்குவது நம் தமிழ். அதுவும் கம்பநாடன் தமிழ்.

கல்பாத்தியிலிருந்து கீழ்த்திசை நோக்காமல்

பாலக்காட்டுக் கல்பாத்தியை அறியாத தமிழ்க் குடும்பம் இப்பக்கங்களில் அரிது. ‘காசியிற் பாதி கல்பாத்தி’ என்னும் பழமொழியும், ஆற்றங்கரையிற் படியிறங்கி நிற்கும் விசுவநாதர் கோயிலும், ஐப்பசி இறுதியில் நடைபெறும் தேர்த்திருவிழாவும் நம் இல்லங்களில் நாளும் பேசப்படுவன. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோரும், பம்பாயிலும் டில்லியிலும் குடியேறியோரும் தேர் நாளன்று அக்கிரகாரத்துத் தெருவில் ஒருவரையொருவர் கண்டு குசலம் விசாரிப்பது நெடுநாளைய வழக்கம். தேர் நிலைக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவதும் அவ்வாறே வழக்கமாகிவிட்டது. நம் நினைவெல்லாம் கிழக்கே, காவிரிக்கரையிலுள்ள மூதாதையர் ஊர்களை நோக்கியே செல்கின்றது. மேற்கே ஆற்றின் போக்கில் என்ன இருக்கின்றது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

கல்பாத்திப்புழை மேற்கு நோக்கி ஓடிப் பறளி என்னுமிடத்திற் கண்ணாடிப்புழையோடு கலக்கின்றது. அவ்விடத்திலிருந்து அதற்குப் பாரதப்புழை என்றும் நிளா என்றும் பெயர். ஒலவக்கோட்டிலுள்ள பாலக்காடு சந்திப்பில் வண்டியேறினால், ரயில் பாதையும் ஏறக்குறைய அந்நதியைத் தொடர்ந்தே செல்லும். பறளி, மங்கரை, லக்கிடி, பாலப்புறம், ஒற்றப்பாலம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தால் ஷொறணூர் வந்துவிடும். இவ்வழியிலுள்ள ஊர்கள் பலவற்றில் பத்திரகாளி கோயில்கள் உள்ளன. அக்கோயில்களின் எதிரே, சற்றுத் தள்ளி, நீண்டு ஒடுங்கிய மேடைக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடப்பதைக் காணலாம். அறியாதவர் அதனைப் பழைய நெற்களம் அல்லது சத்திரம் என்று எண்ணிக் கடந்து போவர். அதுவே கூத்துமாடம். அங்கு நிகழ்வது தோற்பாவைக் கூத்து.

தேவி காணாத போர்

இக்கூத்து தோன்றியதற்கு மரபாகச் சொல்லப்படும் வரலாறு அழகானது. தாரிகன் என்னும் அசுரன் பிரமனிடம் வரம் பெற்று மூவுலகையும் துன்புறுத்தினான். அவனை அழிக்கச் சிவபெருமான் பத்திரகாளியைத் தோற்றுவித்தார். தேவி தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், இலங்கையில் இராமன் இராவணனை வதைத்தான். தீமையை அழித்துத் திரும்பிய தேவிக்கு, அதனினும் பெரிய போரொன்றைத் தான் காணாது போனது மனக்குறையாயிற்று. அக்குறை தீர, ஆண்டுதோறும் அவள் சந்நிதியில் இராமகதையை ஆடிக் காட்டுமாறு சிவபெருமான் பணித்தார் என்பர்.

ஆகவே இக்கூத்தின் காண்போர் தேவியே. கூத்துமாடம் அவள் சந்நிதியை நோக்கியே கட்டப்பட்டிருக்கும். நாம் போய் அமர்ந்தால் அது நம் பேறு. போகாவிடினும் கூத்து நிற்பதில்லை. அங்கே குகையில் மறைந்த தேவியை வெளிக்கொணர ஓர் ஆடல். இங்கே போர்க்களத்திலிருந்து திரும்பிய தேவிக்குக் காணாததைக் காட்ட ஓர் ஆடல். கடல் கடந்த இரு நாட்டு மக்களின் உள்ளமும் இவ்வாறு ஒரே வழியிற் சென்றிருப்பது நினைக்குந்தோறும் இன்பம் தருவதாகும்.

மாடமும் பாவையும்

கூத்துமாடம் ஏறக்குறைய நாற்பதடி நீளமுடையது. அதன் முகப்பில், மேலே வெள்ளைத் துணியும் கீழே கறுப்புத் துணியுமாகத் திரை கட்டுவர். திரைக்குப் பின்னால் நீண்ட மரச்சட்டம் ஒன்றின்மேல் 21 விளக்குகளை வரிசையாக வைப்பர். பிளந்த தேங்காய் மூடிகளில் தேங்காயெண்ணெய் வார்த்துத் திரியிட்ட விளக்குகள் அவை. அவ்வொளிக்கும் திரைக்கும் இடையிற் பாவைகள் இயங்கும்.

பாவைகள் பழங்காலத்தில் மான் தோலாற் செய்யப்பட்டவை. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மான் தோல் கிடைப்பதற்கில்லை. ஆட்டுத் தோல் முதலியவற்றைப் பதப்படுத்திப் பயன்கொள்கின்றனர். இராமகதை முழுமைக்கும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாவைகள் வேண்டும். ஒரே பாத்திரத்துக்கு நிற்கும் பாவை, இருக்கும் பாவை, நடக்கும் பாவை, போர் புரியும் பாவை என்று தனித்தனியே உண்டு. தமிழ்நாட்டில் நாம் காணும் தோற்பாவைகள் ஒளி ஊடுருவும் மெல்லிய தோலில் பல வண்ணம் தீட்டப்பட்டவை. இங்குள்ளவை அவ்வாறல்ல. தோல் ஒளியை மறைத்துக் கரிய நிழலாக விழும். அணிகலனும் ஆடையும் சிறு துளைகளாக வெட்டப்பட்டு, ஒளிப் புள்ளிகளாக மின்னும். போர் மூளும்பொழுது குங்கிலியம் போன்றதொரு பொடியைச் சுடரில் வீசுவர். திரை முழுதும் ஒரு கணம் தீப்பற்றியது போலத் தோன்றும். செண்டை, மத்தளம், இலத்தாளம், சங்கு ஆகியவை துணை நிற்கும்.

அறுவடை முடிந்த காலமே கூத்துக்குரிய காலம். தை முதல் வைகாசி வரையில் ஒவ்வொரு கோயிலிலும் முறை வைத்து நடைபெறும். ஏழு இரவு, 14 இரவு, 21 இரவு என்று கோயிலின் வழக்கத்துக்கும் வசதிக்கும் ஏற்ப நாட்கள் அமையும்; 41 இரவும் 71 இரவும் ஆடிய வழக்கமும் உண்டு. பாலப்புறத்துச் சினக்கத்தூர் பகவதி கோயிலில், புகழ்பெற்ற பூரத் திருவிழாவுக்கு முன்பு 17 நாள் கூத்து நிகழ்வது மரபு. ஷொறணூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவும் கூத்துக்குப் பெயர் பெற்ற தலம்.

ஓர் இரவு

கோயிலில் வெளிச்சப்பாடு அருள்வாக்குக் கூறி அனுமதி தந்தபின், சந்நிதியிலிருந்து எடுத்துவந்த சுடரைக்கொண்டு மாடத்து விளக்குகளை ஏற்றுகின்றனர். முதலில் திரையில் தோன்றுவன பட்டர் பாவைகள். மலையாள நாட்டில் தமிழ்ப் பிராமணரைப் பட்டர் என்று அழைப்பதை நாம் அறிவோம். குடுமியும் பூணூலுமாக அப்பாவைகள் வந்து கடவுள் வாழ்த்துச் சொல்லும். அன்றைய கூத்துக்குக் காணிக்கை தந்தோரை வாழ்த்தும். கல்பாத்திக் குடும்பத்தார் எவரேனும் அக்காட்சியைக் கண்டால், தம் பாட்டனாரே நிழலுருவில் வந்து நிற்பதாக எண்ணிப் புன்னகை பூப்பர் என்பதில் ஐயமில்லை.

அதன்பின் கதை தொடங்கும். கூத்தை நடத்துவோருக்குப் புலவர் என்பது பட்டம். ஒரு புலவர் கம்பன் பாடலொன்றை ஓங்கிப் பாடுவார். பாடி முடித்ததும் அதன் பொருளை விரிப்பார். அந்த விரிவுரை தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த ஒரு தனி நடையில் அமைந்தது. ஒரு சொல்லுக்கு இலக்கணம் கூறுவார். ஒரு நீதிக்குக் கிளைக்கதை சொல்லுவார். மருத்துவமும் சோதிடமும் இடையிடையே வந்து போகும். மற்றொரு புலவர் எதிர்ப்பாத்திரமாக நின்று வினாவுவார், மறுப்பார், விடை கேட்டு அமைவார். ஒரு பாடலைச் சுற்றியே அரைமணி நேரம் கழிவதும் உண்டு. திரையில் அந்நேரமெல்லாம் இரு பாவைகள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆட்டம் காணப் போனவர் சலிப்படைவர்; சொல் கேட்கப் போனவர் நேரம் போவதறியார்.

நாம் ஒரு சிற்றூரில் அமர்ந்திருந்த இரவில் கும்பகருணன் வதைப் பகுதி நடந்தது. துயிலெழுந்த கும்பகருணனைப் போர்க்களத்தில் வீடணன் வந்து சந்திக்கின்றான். அறத்தின் பக்கம் வந்துவிடுமாறு தமையனை வேண்டுகின்றான். அறம் எது என்பது கும்பகருணனுக்கும் தெரியும். ஆயினும், தன்னை வளர்த்த இராவணனைக் கைவிட அவன் மனம் ஒப்பவில்லை. தம்பியை மட்டும் ‘நீ போய்ப் பிழைத்திரு’ என்று அனுப்பிவைக்கின்றான். பள்ளியில் நாம் மதிப்பெண்ணுக்காகப் படித்த பகுதி இது. நள்ளிரவு கடந்த வேளையில், விளக்கொளியில் இரு கரிய நிழல்கள் எதிரெதிரே நிற்க, இரு முதிய குரல்கள் அதனை வாதாடியபொழுது அது முற்றிலும் வேறாகத் தோன்றிற்று. திடலில் அப்பொழுது எஞ்சியிருந்தோர் பத்துப் பேருக்கு மேல் இரார். அவருள்ளும் சிலர் உறங்கினர். கடலை விற்றவர் கடையைக் கட்டிவிட்டார். மாடத்தினுள் மட்டும் குரல் தாழவில்லை.

கேட்போர் இல்லாமை இன்று நேற்று வந்ததன்று. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அறிஞர் இக்கூத்தை நெடுநாள் அருகிருந்து ஆராய்ந்து 1996-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். காண்போர் இல்லாத கூத்து எவ்வாறு தனக்குத் தானே நிறைவுடையதாகின்றது என்பது அந்நூல் ஆராயும் கேள்விகளுள் ஒன்று. பாடுவோரே கேட்போராகி, ஒருவர் புலமைக்கு மற்றவர் விடை கூறி மகிழ்வதில் இக்கூத்து உயிர் வாழ்கின்றது என்பதை எவரும் ஓர் இரவு அமர்ந்தால் உணரலாம்.

தமிழைக் காத்தவர் யார்?

இனி, நம் உள்ளத்தைத் தைக்கும் செய்திக்கு வருவோம். இப்புலவர்களுட் பெரும்பாலோர் வீட்டிற் பேசும் மொழி மலையாளம். அவர்கள் கற்ற பள்ளியும் மலையாளப் பள்ளியே. எனினும் கம்பன் பாடல்களை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்து, பொருள் சொல்லும் முறையோடு தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வந்திருக்கின்றனர். ‘ஆடற்பற்று’ என்பது அவர்தம் கூத்து நூலின் பெயர். ஓலையிலும் பின்னர் ஏட்டிலும் அதனை எழுதிவைத்தோர், தமிழ்ப் பாடல்களை மலையாள எழுத்திலேயே பெரும்பாலும் எழுதினர். எழுத்து நம்முடையது அன்று, சொல் நம்முடையது.

சின்னத்தம்பி என்னும் பழம்புலவர் ஒருவரே இம்மரபுக்கு முதல்வர் என்பர். இராமாயணம் படிக்கும் உரிமை மேற்குலத்தார்க்கே என்றிருந்த காலத்தில், எல்லாக் குலத்தாரும் கேட்குமாறு கம்பனைக் கூத்தாக்கித் தந்தவர் அவர் என்று மரபு கூறுகின்றது. அக்கதை மெய்யாயினும் புனைவாயினும், அதன் கருத்து நம்மைச் சிந்திக்க வைப்பது. அக்கிரகாரத்துக்குள் ஓதப்பெற்ற கம்பன் அங்கே எவ்வளவு எஞ்சியிருக்கின்றான் என்பதை நாமே அறிவோம். வயல்வெளிக் காவுகளுக்குச் சென்ற கம்பனோ இன்றும் விடிய விடியப் பாடப்படுகின்றான்.

நம் வீடுகளின் நிலை யாது? தாய்மொழி தமிழ் என்று பெருமையோடு கூறுகின்றோம். வீட்டிலும் தமிழே பேசுகின்றோம். ஆயினும் பேரக்குழந்தையிடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தால், அதனைத் தலைகீழாகப் பிடிக்கும் நிலை பல இல்லங்களில் வந்துவிட்டது. காலம் கெட்டது, பள்ளியில் தமிழ் இல்லை, ஊரெல்லாம் அயல்மொழி என்று காரணங்கள் பல சொல்லுகின்றோம். அக்காரணங்கள் அனைத்தும் நிளா நதிக்கரைப் புலவர்களுக்கும் இருந்தன. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றே: தமிழைச் சொல்லியே தீரவேண்டிய ஒரு நாளும் ஓர் இடமும். கூத்து இரவு வந்துவிட்டால் பாடல் தெரிந்தாக வேண்டும். தெரியாவிடில் தேவியின் முன் நாணி நிற்க நேரும். மொழி பற்றினால் மட்டும் வாழ்வதில்லை, கடமையினால் வாழ்கின்றது.

இன்றைய நிலை

கூத்துக்கு இடர் இல்லாமல் இல்லை. நீண்ட நாள் நடந்த இடங்களில் நாட்கள் குறைந்துவிட்டன. இரவு முழுதும் கண்விழிப்பதற்கேற்ற ஊதியம் கிட்டுவதில்லை. இளைஞர் வேறு தொழிலை நாடுவது இயல்பு. இக்கூத்தில் ஒருவர் மட்டும் வல்லவராயிருந்து பயனில்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டும். வினாவுக்கு விடை கூற மற்றொரு வல்லவர் எதிரே வேண்டும். திடல் வெறுமையானால் கூத்து நடக்கும். மாடத்துக்குள் இரண்டாவது குரல் இல்லாது போனால் கூத்து நடவாது.

இந்நிலையை மாற்ற முயன்ற குடும்பங்களுள் ஒன்று ஷொறணூரை அடுத்த கூனத்தறையில் உள்ளது. காலஞ்சென்ற கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியே பொதுமேடைக்கும் கொண்டு வந்தவர். அவர் மகனார் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. கூத்துமாடத்தில் ஆடவர் மட்டுமே ஏறி வந்த மரபினுள்ளே, இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்களைக் கொண்டு ஒரு குழு அமைத்துப் பொதுமேடைகளிற் கூத்து நிகழ்த்தி வருகின்றார். மேடைகளில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிக் காட்டுவதும், காந்தியடிகள் வரலாறு போன்ற புதுக்கதைகளை நிழலாக்குவதும் நடைபெறுகின்றன.

சுருக்கிக் காட்டுவது தவறு என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். தக்காசிகோவைப் பாருங்கள். அவ்வூர்க் கோயிலில் வெளியூரார்க்காக நாள்தோறும் இரவு ஒரு மணி நேரம், 33 ஆடல்களுள் நான்கினை மட்டும் ஆடிக் காட்டுகின்றனர். அதனால் விடிய விடிய ஆடும் கூத்து நின்றுவிடவில்லை. குளிர்காலம் வந்ததும் சிற்றூர்கள் தத்தம் இரவைக் கொண்டாடுகின்றன. விருந்தினர்க்கு ஒரு மணி நேரம், தெய்வத்துக்கு இரவு முழுதும் என்று இரண்டையும் அவர்கள் வேறுபடுத்தி வைத்துக்கொண்டனர். ஒரு மணி நேரக் கூத்து, முழு இரவுக் கூத்தின்பால் மக்களை அழைத்து வருமாயின் அது நன்மை. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின் தீமை. எது நிகழும் என்பது புலவர் கையில் மட்டும் இல்லை. போய் அமரும் நம் கையிலும் இருக்கின்றது.

செல்வோர்க்குச் சில சொற்கள்

நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசியிற் கல்பாத்தித் தேருக்கு வருவது போல, தை பிறந்தபின் ஒரு முறை குடும்பத்தோடு வாருங்கள். கோயில்கள் தோறும் நாள் வேறுபடும். ஆகவே புறப்படுமுன் அந்தந்தக் கோயிலாரிடம் விசாரித்துக்கொள்வது நலம். கூத்து இரவு உணவுக்குப் பின்னரே தொடங்கும். திறந்த வெளி, பனி பெய்யும். ஒரு பாயும் போர்வையும் உடன் கொண்டு செல்க. கைப்பேசி விளக்கைத் திரைமீது வீசாதிருங்கள். நிழலுக்கு வெளிச்சமே பகை.

எல்லாவற்றினும் முக்கியமாக, அன்றிரவுக்குரிய கதைப்பகுதியை முன்கூட்டியே கேட்டறிந்து, கம்பராமாயணத்தில் அப்படலத்தை வீட்டில் ஒருமுறை குழந்தைகளோடு படித்துவிட்டுச் செல்லுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் பெரியவர் படித்துக் காட்டலாம். தான் கேட்ட பாடலொன்று திரையின் பின்னாலிருந்து எழும்பொழுது, ‘இது எனக்குத் தெரியுமே’ என்று அக்குழந்தை துள்ளி எழும். அந்த ஒரு துள்ளலுக்காக ஓர் இரவுத் தூக்கத்தை விடலாம். காணிக்கை செலுத்துவோர், ஓர் இரவின் செலவில் ஒரு பங்கேனும் தம் குடும்பத்தின் பெயரால் ஏற்றுக்கொள்ளலாம். பட்டர் பாவை அவர்களை வாழ்த்தும்.

நம் சங்கமும் தன் அளவில் ஒன்று செய்யலாகும். மாதம் ஒருமுறை, வேறெந்த நிகழ்ச்சியும் கலவாமல், பத்துப் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்லும் ஒரு மாலையை ஏற்படுத்தலாம். ஒருவர் சொல்ல, மற்றொருவர் வினாவ வேண்டும். வருவோர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டா. இருவர் வந்தாலும் அம்மாலை நடைபெறட்டும். மாலைக்கொரு பெயரும் மேடைக்கொரு திரையும் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். முதலில் நாள் குறிப்போம்.